நடுவில் ஒரு பீர்க்காரர்

ஸ்காட்லாந்து ராணி மேரியின் அப்பாவுக்கு இங்கிலாந்து ராணி எலிசபெத் மாமன் மகள். நம் ஊர்க் கணக்குப்படி மேரிக்குச் சித்தி முறை ஆகிறது. சொந்த நாட்டில் பதவி பறிபோய், சித்தி பார்த்துக்கொள்வார் என்று நம்பி 1568இல் எல்லை தாண்டி வந்த பெண்ணைச் சித்தி நன்றாகவே பார்த்துக்கொண்டார்: பதினெட்டு வருடம் காவலில். கோட்டை கோட்டையாக மாற்றி, 1585 டிசம்பரில் ஸ்டாஃபர்ட்ஷயரில் சார்ட்லி என்ற இடத்தில், அகழி சூழ்ந்த ஒரு மாளிகைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

காவல் பொறுப்பு சர் அமியாஸ் பாலெட்டுக்கு. ப்யூரிட்டன் மனிதர்; லஞ்சம் வாங்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார். மேரிக்கு வரும் கடிதம், போகும் கடிதம் இரண்டையும் நிறுத்தினார். துணி வெளுக்கும் பெண்கள்மேல்கூட அவருக்குச் சந்தேகம். மொத்தத்தில் மேரியின் நெட்வொர்க் கட்.

இதில் அதிகம் தவித்துப்போனவர் மேரி அல்ல. எலிசபெத்தின் உளவுத் தலைவர் ஃபிரான்சிஸ் வால்சிங்ஹாம். மேரி சதி செய்கிறார் என்று நிரூபித்துத் தலையை வாங்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எழுதினால்தானே மாட்டுவார்? எழுதவே வழியில்லாத பெண்மணியை எதை வைத்துப் பிடிப்பது? யோசித்த வால்சிங்ஹாம், தடை போட்ட இடத்தில் தாமே ஒரு தபால் சேவை தொடங்கிவிட்டார். ரகசியமான, நம்பகமான சேவை. வாடிக்கையாளர் ஒரே ஒருவர்.

முகவர், கில்பர்ட் கிஃபர்ட். கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், பாதிரியாராகப் படித்தவன், ரை துறைமுகத்தில் வந்து இறங்கியபோது பிடிபட்டு, பேச்சுவார்த்தையில் கட்சி மாறியவன். மேரிக்கு வந்த கடிதங்கள் லண்டனில் பிரெஞ்சுத் தூதரகத்தில் மூட்டையாகத் தேங்கிக் கிடந்தன. தான் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக கிஃபர்ட் போய் நின்றான். கொடுத்தார்கள். வாகனம்? பீர். சார்ட்லிக்கு பர்ட்டன் ஊரிலிருந்து வாரா வாரம் பீர்ப் பீப்பாய் வரும். கடிதத்தைத் தண்ணீர் புகாமல் சுற்றிப் பீப்பாயின் அடைப்பில் செருகினால் உள்ளே போய்விடும். காலிப் பீப்பாய் திரும்பும்போது பதில் வெளியே வந்துவிடும்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆசாமி அந்த பீர்க்காரர்தான். பாலெட் தன் கடிதங்களில் அவரை 'நேர்மையான மனிதர்' என்றே குறிப்பிடுகிறார். மேரி தரப்பு அவருக்குப் பணம் கொடுத்தது. வால்சிங்ஹாம் தரப்பும் கொடுத்தது. இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, நேர்மையான மனிதர் பீரின் விலையையும் ஏற்றச் சொன்னார்! தன்னை விட்டால் இவர்களுக்கு வேறு கதியில்லை என்பது அவருக்குத் தெரியும். சிலிக்கான் பள்ளத்தாக்கு தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் தொழில் சூத்திரம் இதுதான்: இரண்டு பேர் பேசிக்கொள்ள நடுவில் குழாய் போடு; பேசுகிறவனிடமும் வாங்கு, ஒட்டுக்கேட்கிறவனிடமும் வாங்கு.

மேரி ஏமாளி அல்ல. எல்லாவற்றையும் குறியீட்டில்தான் எழுதினார். எழுத்துகளுக்கு 23 குறிகள், அடிக்கடி வரும் சொற்களுக்கு முப்பத்துச் சொச்சம் குறிகள், படிக்கிறவனைக் குழப்ப அர்த்தமே இல்லாத நாலு குறிகள். ஆனால் இந்த மாதிரிப் பூட்டை உடைக்கும் வித்தையை பாக்தாதில் அல் கிந்தி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணு. அந்த மொழியில் அதிகம் வரும் எழுத்தோடு பொருத்திப் பார். வால்சிங்ஹாமிடம் இருந்த தாமஸ் ஃபெலிப்ஸ் இந்த எண்ணும் வேலையில் சூரர். பக்கத்திலேயே ஆர்தர் கிரெகரி என்று ஒருவர். மெழுகு முத்திரையைப் பிரித்துவிட்டுப் பிரித்த சுவடே தெரியாமல் திரும்ப ஒட்டுவது அவர் தொழில். ஃபெலிப்ஸ் ஒருமுறை சார்ட்லிக்கே வந்திருந்தபோது மேரி அவரைப் பார்த்தார். குள்ளம், ஒல்லி, மஞ்சள் தாடி, அம்மைத் தழும்பு, கிட்டப்பார்வை என்று ஒரு கடிதத்தில் வர்ணித்தும் வைத்தார். அந்த வர்ணனையும் குறியீட்டில் ஏறி, நேராக ஃபெலிப்ஸின் மேஜைக்குத்தான் போயிருக்கும். தன் முகத்தைப் பற்றி ஒரு மகாராணியின் விமர்சனத்தைத் தானே குறியீடு அவிழ்த்துப் படிக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

மறுமுனையில் ஆண்டனி பாபிங்டன். வயது 24, வசதியான வீட்டுப் பிள்ளை. நண்பர்களோடு லண்டன் மதுக்கடைகளில் உட்கார்ந்து போட்ட திட்டம்: ஆறு கனவான்கள் எலிசபெத்தைத் தீர்த்துக்கட்டுவார்கள், மற்றவர்கள் மேரியை மீட்பார்கள். சதி செய்கிறவர்கள் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டாமா? காம்டன் என்ற அக்கால வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்: இந்தப் பிள்ளைகள் ஓவியரை வைத்துத் தங்களைக் கூட்டமாகப் படம் வரைந்துகொண்டார்கள், நடுநாயகமாக பாபிங்டன். வேலை முடிவதற்கு முன்பே குரூப் டிபி ரெடி. அந்தப் படமும் எலிசபெத்தின் பார்வைக்குப் போயிற்று.

1586 ஜூலையில் பாபிங்டன் தன் திட்டத்தை விலாவாரியாக மேரிக்கு எழுதினான். ஜூலை 17 அன்று மேரி பதில் எழுதினார். அதைப் பிரித்துப் படித்த ஃபெலிப்ஸ், வால்சிங்ஹாமுக்கு அனுப்பிய பிரதியின்மேல் சின்னதாக ஒரு தூக்குமரம் வரைந்தார். உலகின் முதல் இமோஜி என்று இதற்குத்தான் பட்டம் கொடுக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. மேரியின் கடிதத்தின் அடியில் அவருடைய குறியீட்டிலேயே ஒரு பின்குறிப்பும் சேர்த்தார்: அந்த ஆறு கனவான்கள் யார் யார், பெயரைத் தெரியப்படுத்தவும். மேரி எழுதியதாகவே நினைத்து பாபிங்டன் பூரித்துப்போயிருப்பான்.

அப்புறம் நடந்தது சினிமா. வால்சிங்ஹாமின் ஆள் ஒருவரோடு பாபிங்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவருக்கு ஒரு சீட்டு வந்தது. பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தால், தன்னைக் கைது செய்யச் சொல்லும் உத்தரவு! நோட்டிஃபிகேஷனை அடுத்தவர் கண்ணில் படும்படி திறக்கும் வியாதி அன்றே இருந்திருக்கிறது. பில்லைக் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தவன், வாளையும் மேலங்கியையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். முடியை வெட்டி, அக்ரூட் சாற்றை முகத்தில் பூசிக் காட்டில் ஒளிந்தும் பயனில்லை. செப்டம்பர் 20 அன்று கதை முடிந்தது. மேரியின் தலை 1587 பிப்ரவரி 8 அன்று போயிற்று.

குறியீடு இல்லாதிருந்தால் மேரி அப்படி ஒரு கடிதம் எழுதியே இருக்க மாட்டார். பூட்டியிருக்கிறோம் என்ற தைரியம்தான் அவரை எழுத வைத்தது. அவருக்கு வேட்டு வைத்ததில் வால்சிங்ஹாமைவிட அந்த ஓட்டைப் பூட்டுக்கே பங்கு அதிகம் என்பது என் கட்சி.

18ஆம் நூற்றாண்டு வியன்னா இந்தக் கடிதம் பிரிக்கும் தொழிலை அலுவலக நேரத்துக்குள் கொண்டுவந்தது. காலை ஏழு மணிக்குத் தூதரகங்களுக்கான தபால் பை ஒரு ரகசிய அறைக்கு வரும். முத்திரையை உருக்கி, பிரித்து, படியெடுத்து, மறுபடி ஒட்டி, ஒன்பதரைக்குள் தபால் நிலையத்துக்குத் திரும்பிவிடும். என்ன ஒழுங்கு இருந்தும் ஒரு முறை உறைக்குள் அசலுக்குப் பதில் நகலைப் போட்டு அனுப்பிவிட்டார்களாம். பிரிட்டிஷ் தூதர் போய் முறையிட்டார். அமைச்சர் கௌனிட்ஸ், நம் ஆட்கள் இவ்வளவு அசடாகவா இருப்பார்கள் என்று அலுத்துக்கொண்டதாகக் கதை. படித்ததைப் பற்றி அவருக்கு வருத்தம் கிடையாது. உறையில் போட்ட விதம்தான் சரியில்லை.

பிரிட்டனும் சளைக்கவில்லை. 1716 முதல் அங்கே குறியீடு உடைக்கும் வேலை எட்வர்ட் வில்லஸ் என்ற பாதிரியார் கையில். உடைக்க உடைக்கப் பதவி உயர்ந்து பிஷப்பே ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் அடுத்த வீட்டுக் கடிதம். மகன்களையும் அதே தொழிலில் சேர்த்துவிட்டார்; 1844 வரை அது குடும்பச் சொத்து.

1844இல் என்ன ஆயிற்று? மாட்ஸினி வந்தார். இத்தாலியை ஒன்றாக்கப் போகிறேன் என்று லண்டனில் அறை எடுத்துத் தங்கியிருந்த புரட்சிக்காரர். தன் தபால் தாமதமாக வருகிறது, உறையைத் தொட்டால் யாரோ தொட்ட மாதிரி இருக்கிறது என்று அவருக்கு உறுத்தியது. புலம்பவில்லை, சோதனை வைத்தார். கடிதத்துக்குள் கசகசா, தலைமுடி, மணல் போட்டுத் தனக்கே வரும்படி அனுப்பச் செய்தார். வந்த உறையைப் பிரித்தால் கசகசா காணோம், முடி காணோம். அரசாங்கம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கசகசாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்ப உள்ளே போட முடியாது. தகவல் பாதுகாப்புத் துறை இன்று கோடிகள் செலவழித்துச் செய்யும் திருத்தக் கண்டறிதலை, மளிகைக் கடைச் சரக்கை வைத்து முடித்துவிட்டார்.

ஜூனில் விவகாரம் நாடாளுமன்றத்துக்குப் போனது. தாமஸ் டன்கூம் என்ற எம்.பி. மனுவைத் தாக்கல் செய்து கேள்வி கேட்டார். உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரஹாம், வாரண்டில் கையெழுத்துப் போட்டது நான்தான், காரணம் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நாடே சிரித்தது. பஞ்ச் பத்திரிகை 'கிரஹாம் எதிர்ப்பு' உறைகளை வரைந்து போட்டது. உறையின் முகப்பிலேயே கிரஹாமை வம்புக்கு இழுத்து எழுதிப் பலர் தபாலில் போட்டார்கள். விசாரணைக் குழு உட்கார்ந்தது. ரகசிய அலுவலகத்தை மூடினார்கள், வில்லஸ் குடும்பத்துக் கடைசி வாரிசை ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரண்ட் போடும் அதிகாரத்தை மட்டும் தொடவில்லை. சொல்லப்போனால், 1885இல் இந்தியாவுக்கென்று தந்திச் சட்டம் எழுதும்போது இடைமறித்துப் படிக்கும் அதிகாரத்தை ஐந்தாம் பிரிவில் பத்திரமாகக் கப்பலேற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரன் போனான், ஐந்தாம் பிரிவு போகவில்லை.

இத்தனை நூற்றாண்டிலும் தீராத ஒரு தலைவலி உண்டு. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாவியை மறுமுனைக்கு எப்படிச் சேர்ப்பது? அதே பீர்க்காரரிடம் கொடுத்தா? விடை 1975-76 வரை வெளியே வரவில்லை. அப்போது விட்ஃபீல்ட் டிஃபி கலிஃபோர்னியாவில் அடுத்தவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சாதாரண ஆள் இல்லை, செயற்கை நுண்ணறிவுக்குப் பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தி. பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறு சாவி என்று இரண்டாகப் பிரித்தால் என்ன என்று டிஃபிக்குப் பளிச்சென்று தோன்றியது. கோக் எடுக்கக் கீழே இறங்கினார். இறங்கியதில் யோசனை மறந்துவிட்டது. நல்லவேளை, திரும்ப ஞாபகம் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் ஹெல்மனோடு சேர்ந்து 1976இல் கட்டுரை வெளியிட்டார்.

ஹெல்மன் போட்ட கணக்கை மேரியையும் பாபிங்டனையும் வைத்தே போட்டுப் பார்க்கலாம். 3, 17 என்ற இரண்டு எண்களை ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். மேரி மனதுக்குள் 6 என்று வைத்துக்கொள்கிறார். மூன்றை ஆறு தடவை போட்டுப் பெருக்கினால் 729. அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. அந்த 15ஐப் பீப்பாயில் அனுப்புகிறார். பாபிங்டன் மனதில் 7. மூன்றை ஏழு தடவை பெருக்கினால் 2187, மீதி 11. அவன் 11ஐ அனுப்புகிறான். இப்போது மேரி வந்த 11ஐத் தன் ஆறு தடவை பெருக்கி 17ஆல் வகுத்தால் மீதி 8. பாபிங்டன் வந்த 15ஐத் தன் ஏழு தடவை பெருக்கி வகுத்தால் மீதி, நம்பினால் நம்புங்கள், அதே 8. அதுதான் சாவி. பீர்க்காரர், கிஃபர்ட், ஃபெலிப்ஸ் எல்லோரும் பார்த்தது 3, 17, 15, 11. எட்டு எந்தப் பீப்பாயிலும் ஏறவே இல்லை! இவ்வளவு சின்ன எண் என்றால் ஃபெலிப்ஸ் ஒரு டம்ளர் காலியாவதற்குள் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே இன்றைய செயலிகள் 77 இலக்க எண்களில், இதைவிடச் சிக்கலான ஒரு வளைகோட்டுக் கணிதத்தில் இதைச் செய்கின்றன.

இதில் ஒரு சோகக் கிளைக்கதை. பிரிட்டிஷ் உளவு நிறுவனமான ஜிசிஎச்க்யூவில் ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர் இதே யோசனையை 1970 வாக்கிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். கிளிஃபர்ட் காக்ஸ், மால்கம் வில்லியம்சன் என்ற இரண்டு இளைஞர்கள் 1973-74இல் கணக்கையும் போட்டு முடித்தார்கள். மேலிடம் 'ரகசியம்' என்று முத்திரை குத்திப் பீரோவில் வைத்துவிட்டது. 1997 டிசம்பரில் உலகத்துக்கு அறிவித்தார்கள். எல்லிஸ் நவம்பரில் காலமாகியிருந்தார். ரகசியம் காப்பதில் இப்படியும் ஒரு சாமர்த்தியம்.

கணக்கு வந்துவிட்டது, அதைப் பொதுஜனம் கையில் கொடுக்க அரசாங்கங்களுக்கு மனமில்லை. 1991இல் ஃபில் ஸிம்மர்மன் பிஜிபி என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அமெரிக்கச் சட்டத்தில் வலுவான என்கிரிப்ஷன் அப்போது ஆயுதப் பட்டியலில் இருந்தது. ஆயுத ஏற்றுமதி என்று சொல்லி மூன்று வருடம் விசாரித்தார்கள். அவர் மென்பொருள் முழுவதையும் எம்ஐடி பதிப்பகம் மூலம் புத்தகமாக அச்சிட்டுவிட்டார். புத்தகம் ஆயுதமாகாதே! வெளிநாட்டில் வாங்கி, ஸ்கேன் செய்து, திரும்ப மென்பொருளாக்கிக்கொள்ளலாம். 1996இல் விசாரணையைக் கைவிட்டார்கள்.

அதே வருடம் ஐசிக்யூ என்ற அரட்டை மென்பொருள் வந்தது. பின்னாலேயே யாஹூ, எம்எஸ்என். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கட்டி, 'ஏஎஸ்எல் ப்ளீஸ்' என்று தொடங்கிக் காதல் வரை போன அத்தனை உரையாடலும் பூட்டில்லாமல், வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போயின. யாஹூ வெப்கேமராவிலிருந்து ஐந்து நிமிடத்துக்கொரு படம் என்று ஜிசிஎச்க்யூ சேர்த்து வைத்தது பின்னால் ஸ்னோடன் கசியவிட்ட உளவு ஆவணங்களில் வெளியானது. 2008இல் ஆறே மாதத்தில் 18 லட்சம் கணக்குகளின் படங்கள். அதில் கணிசமானவை ஆடையில்லாப் படங்கள் என்று அந்த ஆவணமே கவலைப்படுகிறது. பிஷப் வில்லஸுக்கு இந்தச் சங்கடம் இருந்திருக்காது.

2009இல் வாட்ஸப். தொடங்கிய யான் கூம் சோவியத் யுக்ரைனில் வளர்ந்தவர். போனில் முக்கியமானது எதையும் பேசாதே, கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லும் அம்மாவின் பிள்ளை. அப்படிப்பட்டவரின் செயலியில் முதல் மூன்று வருடம் செய்திகள் பூட்டே இல்லாமல் போயின என்பதை என்னவென்று சொல்ல? காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்து பக்கத்து மேஜைக்காரரின் வாட்ஸப்பைப் படிக்க ஒரு ஆண்ட்ராய்டு செயலியே இருந்தது. ஆண்ட்ராய்டில் கணக்கின் கடவுச்சொல், போனின் ஐஎம்இஐ எண்ணைத் திருப்பிப் போட்டுக் கொஞ்சம் கலக்கியதுதான் என்று 2012இல் ஒருவர் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினார்.

2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸப்பை வாங்கியது. ஒரு காலத்தில் உணவுக் கூப்பன் வாங்க வரிசையில் நின்ற பழைய நல உதவி அலுவலகத்தின் வாசலில் வைத்து கூம் கையெழுத்துப் போட்டார். மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற புனைபெயரில் உலவும், பாய்மரக் கப்பல் பைத்தியமான ஒரு என்கிரிப்ஷன் கலகக்காரர் சிக்னல் செயலிக்காக ட்ரெவர் பெர்ரினோடு சேர்ந்து உருவாக்கிய பூட்டை வாட்ஸப் கடன் வாங்கி, 2016 ஏப்ரல் 5 அன்று நூறு கோடிப் பேருக்கும் மாட்டி முடித்ததாக அறிவித்தது. இந்தப் பூட்டின் விசேஷம், செய்திக்குச் செய்தி சாவி மாறும். பழைய சாவியைக் கையோடு அழித்துவிடும். ஒன்றைத் திருடினால் ஒன்றோடு சரி. வாட்ஸப்பின் சர்வர் வெறும் பீர்க்காரர் ஆகிவிட்டது: பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போகலாம், பெறுபவர் போன் அணைந்திருந்தால் 30 நாள் வரை வைத்திருக்கலாம், உள்ளே இருப்பது அதற்குப் புரியாது.

ஆனால் கிஃபர்ட்? மேரியிடம் நான்தான் பாபிங்டன் என்றும், பாபிங்டனிடம் நான்தான் மேரி என்றும் சொல்லி இரண்டு பக்கமும் தனித்தனியாக 3, 17 கணக்குப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. இதற்கும் மருந்து வைத்திருக்கிறார்கள். வாட்ஸப்பில் ஒவ்வொரு தொடர்புக்கும் 60 இலக்க எண் ஒன்று உண்டு. இருவர் போனிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் கிஃபர்ட் இல்லை. நேரில் உட்கார்ந்து அறுபது இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒரு தம்பதியை, ஒரு சம்பந்தி ஜோடியை, ஒரு கூட்டுச் சதிகாரரை நீங்கள் பார்த்ததுண்டா? பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று செயலியே வந்து சொன்னாலும், புது போன் வாங்கிவிட்டார்போல என்று வாழ்த்திவிட்டுப் போகிறோம்.

உறைக்கு உள்ளே தெரியாவிட்டால் என்ன, உறை தெரிகிறதே. யார் யாருக்கு, எப்போது, எத்தனை தடவை என்பது வாட்ஸப்புக்குத் தெரியும். சிக்னல் அதையும் பிடித்து வைப்பதில்லை. 2016இல் வர்ஜீனியாவிலிருந்து நீதிமன்ற ஆணை வந்தபோது அவர்கள் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். வால்சிங்ஹாம் கண்ணீர் விட்டிருப்பார்.

நம் சென்னைக்கும் இதில் ஒரு சின்ன வேடம் உண்டு. வதந்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க வழியுண்டா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்க, ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி 2019இல் ஒரு யோசனை கொடுத்தார்: செய்தியோடு அதை முதலில் எழுதியவரின் அடையாளத்தையும் ஒட்டி அனுப்பலாம். ஐஐடி பாம்பேயிலிருந்து மனோஜ் பிரபாகரன், அது நடைமுறையில் வேலைக்காகாது என்று மறுத்து எழுதினார். ஒரு ஐஐடி திறக்க, மறு ஐஐடி பூட்ட, முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்று 2021இல் மத்திய அரசு விதியே போட்டது. வாட்ஸப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024இல் வழக்கறிஞர் வாயிலாகச் சொன்னது. குட் மார்னிங் ரோஜாப்பூ இல்லாத ஒரு தேசத்தை எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பூட்டியதைச் சேமித்து வைப்பது இன்னொரு வியாதி. வாட்ஸப் உரையாடல்களைக் கூகுள் டிரைவில் பேக்கப் எடுத்தால் அங்கே அந்தப் பூட்டு கிடையாது. 2021இல்தான் அதற்கும் பூட்டுப் போடும் வசதி வந்தது, அதுவும் நாமே தேடிப் போய் அமுக்கினால்தான். மேரிக்கும் ஒரு பேக்கப் இருந்தது. அவர் 1578 முதல் 1584 வரை எழுதிய 57 கடிதங்கள் பிரான்ஸ் தேசிய நூலகத்தில், ஏதோ இத்தாலிய விவகாரம் என்று தப்பாகப் பட்டியலிடப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு கணினி விஞ்ஞானி, ஒரு இசைப் பேராசிரியர், ஒரு இயற்பியலாளர் மூவரும் சேர்ந்து உடைத்து 2023 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். தலை போய் 436 வருடம் கழித்து உரையாடல் கசிந்தது. இன்றைய பூட்டை நாளைய குவாண்டம் கணினி உடைக்கும் என்று இப்போதே செய்திகளைக் குவித்து வைக்கிறவர்கள் இருக்கக்கூடும் என்றுதான், அதே வருடம் செப்டம்பரில் சிக்னல் தன் பூட்டில் இன்னொரு கணக்கையும் சேர்த்தது.

வால்சிங்ஹாமின் தபால் சேவைக்கு வாரிசு இல்லாமல் போகவில்லை. 2018 வாக்கில் அமெரிக்க எஃப்பிஐ 'ஆனம்' என்ற ரகசிய போனைக் கடத்தல்காரர்களிடையே உலவவிட்டது. ஒவ்வொரு செய்தியும் கண்ணுக்குத் தெரியாமல் எஃப்பிஐக்கும் ஒரு பிரதி போகும். விற்றுக் கொடுத்தவர்கள் தாதாக்கள், சந்தா கட்டியவர்களும் தாதாக்கள். 12,000 போன்கள், இரண்டு கோடியே எழுபது லட்சம் செய்திகள். 2021 ஜூனில் உலகமெங்கும் 800க்கும் மேற்பட்டோர் கைது. பீர் விலை மட்டும் ஏறவில்லை.

2025 மார்ச்சில் இந்த உழைப்பெல்லாம் வீண் என்று வாஷிங்டன் காட்டியது. ஏமன்மேல் குண்டு போடுவது பற்றிப் பேச, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் சிக்னலில் ஒரு குரூப் தொடங்கினார். துணை அதிபர், பாதுகாப்பு அமைச்சர், சிஐஏ தலைவர் என்று பெரிய தலைகள். பூட்டு உலகத்தரம். யாரும் எதையும் உடைக்கவில்லை, பின்குறிப்பு சேர்க்கவில்லை. வால்ட்ஸ் தொடங்கிய குரூப்பிலேயே தி அட்லாண்டிக் பத்திரிகையின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்கும் சேர்க்கப்பட்டிருந்தார். எந்த நேரத்துக்கு எந்த விமானம் கிளம்பும் என்பது வரை பாதுகாப்பு அமைச்சர் டைப் செய்தார். கோல்ட்பெர்க் ஒரு பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, குண்டு விழுகிறதா என்று காத்திருந்தார். விழுந்தது. குரூப்பில் வாழ்த்துகள் வந்தன. வால்ட்ஸ் ஒரு முஷ்டி, ஒரு கொடி, ஒரு நெருப்பு போட்டார். கோல்ட்பெர்க் தாமாகவே குரூப்பை விட்டு வெளியேறினார். அவர் வெளியேறியதாகக் குரூப்பைத் தொடங்கியவருக்கு அறிவிப்பு போகும் என்பது அவருக்குத் தெரியும்.

யார் போனது, ஏன் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.